அடைப்புக்குறிக்குள் இருபத்துமூன்று பேர்

வாட்ஸ்அப் குழுவில் அப்பாவின் பெயரைத் தேடினால் நாற்பது இடங்களில் வந்தது. பாதிக்கு மேல் ஜெஸ்னாவே கேட்ட கேள்விகள்.

நேற்றுக் காலை இடுக்கி மலையில் எஸ்டேட் மண் சரிந்து மூன்று லயங்களின் தொழிலாளர் வரிசை வீடுகளை இழுத்துக்கொண்டு போயிருந்தது. அப்பா அமிர்தநாதன் அங்கே இருந்தார். அம்மா இருதயம்மாள் மகளைப் பார்க்கப் பாலக்காட்டுக்கு வந்திருந்தாள். சேதி கேட்டதிலிருந்து அவள் பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை.

தப்பியவர்களைத் தங்கவைத்த பள்ளிக்கூடத்து முகாமிலிருந்து எஸ்டேட் சூப்பர்வைசர் காளிச்சாமி செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார். லய எண், போர்வை, மாத்திரை, ஆட்கள், எல்லாம் ஒரே மூச்சில். நடுநடுவே உறவுக்காரர்களின் கதறல். நல்லவேளை, பெயர்களைச் சதுர அடைப்புக்குறிக்குள் போடும் ஒழுங்காவது அந்த மனிதரிடம் இருந்தது.

கணினி நிரல் எழுதுகிறவர்களுக்கு ஒரு கிறுக்கு உண்டு. உட்கார்ந்து படித்தால் தெரிந்துவிடும், படிக்க மாட்டார்கள். ஜெஸ்னா மொத்த உரையாடலையும் இறக்கி, அடைப்புக்குறிகளுக்கு இடையில் இருப்பதை மட்டும் எடுக்க ஜாவாஸ்கிரிப்டில் ஒரு வரி எழுதினாள்.



அந்த வரி, செய்தியின் முதல் குறியில் தொடங்கிக் கடைசிக் குறிவரை அத்தனையையும் விழுங்கிவிட்டு நின்றது. போர்வையும் மாத்திரையும் கூட வந்தன.

அந்த வரியில் ஒரு கேள்விக்குறியைச் சேர்த்தாள். இப்போது அடுத்த மூடும் குறி வந்ததும் நின்றது. பெயர்கள் தனித்தனியாக வந்தன. இருபத்துமூன்று பேர்.

பதினேழாவது: அமிர்தநாதன், நாலாம் லயம்.

"யம்மா, அப்பா இருக்காரும்மா!"

ஜெஸ்னா வாய்விட்டு அழுதாள். மற்ற வீடுகளும் இப்படித்தானே தவிக்கும்? ‘முகாமில் இருப்பவர்கள்’ என்று தலைப்பிட்டுப் பட்டியலைக் குழுவில் போட்டாள். கைகூப்பும் படங்கள் வந்து குவிந்தன.

அம்மா தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அப்போது காளிச்சாமி அழைத்தார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"ஜெஸ்னா, அத உடனே அழிச்சிரு தாயி. காலையில பேரு எழுதையில வேலைக்கு வராதவங்களத்தான் நாங்க அடைப்புக்குள்ள போடுவோம். அதே பழக்கத்துல, முகாமுக்கு இன்னும் வந்து சேராதவங்களையும் அப்பிடியே போட்டுட்டேன்."

 இருபத்துமூன்று வீட்டுக்கும் ஜெஸ்னாவே நல்ல சேதி சொல்லியிருக்கிறாள்.

திரும்பிப் பார்த்தாள். அம்மா இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.