ஒரு விரல் குறைவு

ரேடியேட்டர் மூடியைத் திருகி எடுத்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

வேறொரு கை பட்டிருக்கிறது.

உள்ளே ரோஸ் நிறம்.

பதினான்கு வருடமாக இந்தக் காரில் என்ஜினை ஆறவைக்கப் பச்சை கூலன்ட்தான். பழைய வண்டிக்குப் பச்சை, புது வண்டிக்கு ரோஸ். பாளையங்கோட்டையில் அவருடைய மெக்கானிக் ஷெட்டுக்கு வருகிற எல்லோருக்கும் அவர் சொல்லிவந்தது இதுதான். ஜெசிந்தா டீச்சர் இதை மதுரையில் செகண்ட் ஹேண்டில் வாங்கியபோதே வண்டிக்குப் பதினோரு வயது. உடன் போய்ப் பார்த்து, பேரம் பேசி, ஓட்டிக்கொண்டு வந்தவர் அவர். அன்று மாலையே துருத்தண்ணீரை இறக்கிவிட்டு முதல் பச்சையை ஊற்றினார்.

அதற்குப் பிறகு இந்த பானட்டை வேறு யாரும் தூக்கியதில்லை.

அப்படித்தான் நினைத்திருந்தார்.

காலையில் வண்டியை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் கிளம்பும்போது டீச்சர் போகிற போக்கில் சொன்னதுதான்.

"கோயில்பட்டியில மருமவன் சர்வீஸ் விட்டுட்டான் அண்ணாச்சி. இருந்தாலும் ஞாயித்துக்கிழம வேளாங்கண்ணிக்குப் போறோம்லா, காத்து, தண்ணி மட்டும் ஒரு பார்வை பாத்துருங்க."

காத்து, தண்ணி.

உள்ளூரில் நான் என்ன செத்தா போய்விட்டேன் என்று கேட்க வாய் வந்தது. டயரைப் பார்த்தபடி தலையை ஆட்டிவைத்தார்.

இப்போது என்ஜின் நன்றாக ஆறியிருந்தது. அவருக்குத்தான் வயிறு எரிந்தது.

பொறாமைதான். மூடி மறைக்க என்ன இருக்கிறது?

குனிந்து குற்றம் தேடினார். அந்தக் கோயில்பட்டி மெக்கானிக் பச்சையை முழுக்க இறக்கியிருக்க மாட்டான். அதன் மேலேயே ரோஸை ஊற்றியிருப்பான். இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாது. கலந்தால் நாளடைவில் கஞ்சியாகக் கட்டிக்கொண்டு குழாயை அடைக்கும், என்ஜின் கொதித்து நடுவழியில் நிற்கும். அந்தக் கஞ்சி ஒரு துளி கிடைத்தால் போதும், டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டிவிடலாம்.

டீ கிளாஸில் கொஞ்சம் உறிஞ்சி எடுத்து வெயிலில் பிடித்தார்.

ரோஸ் சர்பத் மாதிரி தெளிவாக இருந்தது.

மூடியின் உட்புறத்தை விரலால் தடவினார். பிசுக்கு இல்லை. பாவி, நாலைந்து தடவை நல்ல தண்ணீர் விட்டு அலசியிருக்கிறான். அப்படி அலசிவிட்டு ஊற்றினால் பழைய என்ஜினுக்கும் ரோஸ் ஒத்துக்கொள்ளும். அது அவருக்கும் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

ஆயுத பூசைக்கு அவர் வைத்த சந்தனப் பொட்டையும் சேர்த்துத் துடைத்திருந்தான்.

கீழ்க் குழாயைப் பார்த்தார். நான்கு வருடத்துக்கு முன் அங்கே குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளிப் உடைந்துவிட்டது. அந்த அளவில் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. செம்புக் கம்பியை மூன்று சுற்றுச் சுற்றி முறுக்கிவைத்தார். அன்றிலிருந்து வண்டி வரும்போதெல்லாம், கேட்டாலும் கேட்காவிட்டாலும், குனிந்து அந்த முறுக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்.

கம்பி இல்லை.

புது கிளிப் பளபளத்தது.

கிளாஸில் எடுத்ததைத் திருப்பி ஊற்றியும் ரேடியேட்டரில் தண்ணீர் ஒரு விரல் குறைவாக இருந்தது. தேடித் தேடிக் கிடைத்த குற்றம் அந்த ஒரு விரல்தான்.

அலமாரியில் பச்சை கேன் இருந்தது.

எடுத்தார்.

குறைகிற அளவுக்கு மட்டும். ரோஸில் அந்தக் கொஞ்சம் பச்சை விழுந்தால் கண்ணுக்கே தெரியாது. இன்றைக்கு ஒன்றும் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை வண்டியில் ஐந்து பேர் ஏறுவார்கள். அன்றைக்கும் ஆகாமல் போகலாம். என்றைக்காவது ஒருநாள் நின்றுவிடும். பழி கோயில்பட்டிக்காரன் தலையில் விழும். வண்டி இழுத்துக்கொண்டாவது இங்கேதான் வந்து சேரும். அப்புறம் எங்கேயும் போகாது.

கேனைச் சாய்த்தார்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்த டீச்சர் குடையை மடக்கியபடி எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, அவுக தப்பா எதுவும் ஊத்திட்டாவளா?"

ஒரே ஒரு ஆமா போதும். டீச்சர் நம்பிவிடுவார். பதினான்கு வருடத்தில் அவர் சொன்ன எதையும் டீச்சர் ஏன் என்று கேட்டதில்லை.

கேனின் வாயில் பச்சை வந்து தளும்பி நின்றது.

நிமிர்த்தினார்.

கேனின் மூடியை இறுக்கி அலமாரியில் வைத்தார். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் பாட்டிலை எடுத்துவந்து அந்த ஒரு விரலை நிரப்பினார். அது எதனுடனும் சண்டைக்குப் போகாது.

"இல்ல டீச்சர். சரியாத்தான் ஊத்திருக்காவ. கொஞ்சம் கம்மியா இருந்துச்சு."

சொல்லிவிட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகி இறுக்கினார்.

"அப்ப நல்ல ஆளுதான்," என்றார் டீச்சர். "மருமவன் சொல்லிக்கிட்டே இருப்பான்."

பானட்டை மூடினார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாக.

டீச்சர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். என்ஜின் முதல் திருகலிலேயே முனகாமல் கிளம்பியது. அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

வண்டி மெல்ல நகர்ந்தது. கூடவே இரண்டு எட்டு நடந்தார். மூன்றாவது எட்டில் ஜன்னலில் கையை வைத்துக் குனிந்தார்.

"அந்தக் கம்பி நாலு வருசத்துல ஒரு சொட்டு விட்டதில்ல, டீச்சர்."

டீச்சர் பிரேக்கை மிதித்தார்.

"எந்தக் கம்பி அண்ணாச்சி?"