திரையில் நின்ற மாப்பிள்ளை

"ஏங்க, இங்குட்டு ஓடி வாங்க! செய்தி வாசிக்கிற பொம்பள மூஞ்சியில நம்ம ஜெரால்டு மீசை தெரியுது!"

லூசியா போட்ட சத்தத்தில், வேட்டியைக் கட்டியும் கட்டாமலும் கூடத்துக்கு ஓடி வந்தார் ஞானசேகர். அவள் சொன்னது மெய்தான். சுவரில் மாட்டியிருந்த அகலமான பிளாஸ்மா டிவியில், செய்தி வாசிப்பவளின் மூக்குக்குக் கீழே அடர்த்தியான மீசை. தோளுக்குப் பக்கத்தில் ஒரு காரின் முன்பக்கம் வேறு மங்கலாகத் தெரிந்தது.

சேனலை மாற்றினார். சமையல் நிகழ்ச்சியில் கொதிக்கிற சாம்பாருக்குள்ளிருந்து ஜெரால்டு சிரித்தான்.

எல்லாம் ஞானசேகர் செய்த வேலை. சிங்கப்பூரில் இருக்கும் மகன் மரிய ஜெரால்டு அனுப்பிய சிடியைக் காலை ஆறு மணிக்கே போட்டு, அவன் காரில் சாய்ந்து நிற்கும் இடத்தில் படத்தை நிறுத்தி வைத்திருந்தார். பெண் வீட்டார் உள்ளே கால் வைத்ததும் மாப்பிள்ளையும் காரும் சேர்ந்து கண்ணில் பட வேண்டுமாம். கார் அவன் முதலாளியுடையது என்பதை சிடியா சொல்லப்போகிறது? நாலு மணி நேரம் அசையாமல் நின்ற மகன், படத்தை மாற்றிய பிறகும் போக மறுத்துவிட்டான்.

"ஈரத்துணி கொண்டா."

"துடைச்சுப் பாத்துட்டேங்க. மேல இல்ல, உள்ளுக்குள்ள இருக்கான்."

டிவியை மாட்டிக் கொடுத்த பூமிநாதனின் காரைக்குடி கடைக்குப் போன் போட்டார். ஆள் கண்டனூர் கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கப் போய்விட்டாராம்.

"கடைக்காரரு வந்து இதப் பாத்தா என்னங்க சொல்லுவாரு?" லூசியா மறுபடியும் ஈரத்துணியை எடுத்தாள்.

"செத்த வாய மூடுறியா?"

வாசலில் வேன் வந்து நின்றது. ஞானசேகர் டிவியை அணைத்தார்.

போன மாதம் இருவரும் வலையபட்டிக்குப் போய்ப் பெண் கிறிஸ்டியைப் பார்த்து வந்தார்கள். பெண் வீட்டுச் சுவரில் இதே மாதிரி டிவி. அன்றிலிருந்து லூசியா விடவில்லை. 'பொண்ணு வீட்லயே இருக்கு, மாப்பிள்ளை வீட்ல மொட்டைச் சுவரா?' என்று அரித்து எடுத்துவிட்டாள்.

கிறிஸ்டியின் அப்பா சூசைமாணிக்கம் மனைவியோடும் மைத்துனரோடும் உள்ளே வந்தார். உட்காருமுன்பே மைத்துனரின் பார்வை சுவருக்குப் போனது.

"டிவி பெரிசா இருக்கே!"

"பய அனுப்புனது. எதுக்குடா வீண் செலவுன்னேன், கேக்க மாட்டேன்னுட்டான்."

"போடுங்க மச்சான், கிரிக்கெட் பாப்போம்."

"கரண்ட் இல்லைங்களே."

மைத்துனர் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தார். ஞானசேகரும் பார்த்தார். அது நிற்கிற வழியாக இல்லை. மைத்துனரே எழுந்துபோய்ப் பொத்தானை அழுத்தினார்.

பந்து வீசுகிறவன் ஓடி வந்து ஜெரால்டின் வயிற்றுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வந்தான்.

"அட, மாப்பிள்ளை! கிரிக்கெட்டும் ஆடுவாகளா?"

பெண்ணின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். ஞானசேகரின் வாய் தானாக ஓடியது.

"இது புது மாடலுங்க. வாங்குனவக போட்டோவ உள்ளயே பதிஞ்சு குடுத்துருவாக. திருட்டுப் போனாக்கூட யாரு வீட்டு டிவின்னு கண்டுபிடிச்சிரலாம்."

"அடேயப்பா!" என்றார் மைத்துனர்.

சூசைமாணிக்கம் மட்டும் சிரிக்கவில்லை. "கம்பெனிக்காரன் என்னென்னமோ செய்யுறான்" என்று பெரிய மனிதத்தனமாகத் தலையாட்டினார்.

சாப்பிடக் கூப்பிட்டு அந்த அவமானத்திலிருந்து எல்லாரையும் நகர்த்தினாள் லூசியா. "நீங்க போங்க, நானும் சம்பந்தியும் பின்னால வாரோம்" என்று சூசைமாணிக்கம் தங்கிவிட்டார். சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தார் ஞானசேகர்.

சூசைமாணிக்கம் ரிமோட்டை எடுத்தார். வெளிச்சத்தைக் குறைத்தார். நிகழ்ச்சி எதுவும் வராத ஒரு சேனலில் நிறுத்தினார். வெள்ளைப் புள்ளிகள் இரைச்சலோடு திரை முழுக்க மொய்த்தன.

"ஒரே படம் ரொம்ப நேரம் நின்னா நிழல் தங்கிப்போகும். இப்படி ஓடிக்கிட்டே இருக்கட்டும். தானா கலைஞ்சிரும்."

இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கால் மணி நேரத்தில் கார் போனது. இன்னும் கொஞ்ச நேரத்தில் சிரிப்பு போனது. கடைசியாக மீசையும் கரைந்தது.

ஞானசேகருக்கு மூச்சு வந்தது. சூசைமாணிக்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "என் மானத்தக் காப்பாத்துனீக சம்பந்தி. இந்த வேலையெல்லாம் எங்க படிச்சீக?"

சூசைமாணிக்கம் பந்தி நடக்கும் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாம் பூமிநாதன் சொல்லிக் குடுத்ததுதான். போன மாசம் நீங்க பொண்ணு பாக்க வந்தப்ப இதே டிவியத்தான் எங்களுக்கும் ஒரு நாள் வாடகைக்கு விட்டான்."