ஏழாம் நம்பர் அறை

"கல்யாண நாளுக்கு எனக்கு நகை நட்டெல்லாம் வேண்டாம். அந்த ஓட்டல்ல ஏழாம் நம்பர் ரூம், ரெண்டு நாள். அது போதும்" என்றாள் ஃபியோரென்சா.

கணவர் உபால்தோவுக்கு ஒன்றுமே விளங்கவில்லை. லீவு என்றால் ஊரே கடலுக்கு ஓடுகிறது. இவள் இதே குப்பியோ மலையூரில், வெளியூர்க்காரர்கள் தங்கும் ஓட்டலைக் கேட்கிறாள்!

"ரிமினி பீச்சுக்குப் போலாமே?"

"ம்ஹூம். அந்த ரூம்தான்."

"லிஃப்ட் கிடையாது. மூணு மாடி ஏறணும். உனக்கு முட்டி வலி வேற."

"அது என் முட்டி. நான் பாத்துக்கறேன்."

"தலையணை கல்லு மாதிரி இருக்கும். விடிஞ்சா சர்ச் மணி காதைப் பிளக்கும்."

"ஜன்னலைத் திறந்தா மலையடிவாரம் முழுக்கத் தெரியுதாமே! தங்கினவங்க அத்தனை பேரும் நோட்டுல எழுதியிருக்காங்க."

உபால்தோ தாடையைச் சொறிந்தார். "சரி, போய்த் தொலைவோம். ரெண்டு பேருக்குத்தானே?"

"இல்லை. எனக்கு மட்டும்."

இருபத்தாறு வருஷம் கழித்து இது என்ன புதுக் கூத்து?

"என் மேல ஏதாவது கோபமா, ஃபியோரென்சா?"

"கோபமெல்லாம் இல்லை. நீங்களும் மேல வந்துட்டா, கீழ காபி யார் போடறது?"

அவர் உட்கார்ந்திருந்த வரவேற்பு மேஜைக்குப் பின்னால், ஆணியில் தொங்கிய ஏழாம் நம்பர் சாவியை எடுத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் தங்கள் ஓட்டலில் அவள் துடைக்காத ஜன்னல் கிடையாது. நின்று வெளியே பார்த்த ஜன்னலும் கிடையாது.

ஏப்ரனை அவிழ்த்து அவர் தோளில் போட்டாள்.

"காலைல எட்டு மணிக்குக் காபி, ஜாம் கேக். கதவைத் தட்டிட்டு உள்ள வாங்க, முதலாளி!"