வாயே திறக்காத தூண்

கல்லூரி வராந்தாக் கூரையை இரண்டு தூண்கள் தாங்கி நின்றன. ஒருநாள் மழையில் வகுப்பறை ஒழுகியதால், பேராசிரியை தாமரைச்செல்வி வராந்தாவிலேயே பாடம் எடுத்தார்.

"எந்தத் துன்பம் வந்தாலும் புலம்பாமல் தாங்கச் சொல்வது ஸ்டோயிக் தத்துவம். அதைக் கிரேக்கத்தில் ஒரு தூண் மண்டபத்தில் போதித்தார்கள். அப்படிப்பட்ட மண்டபத்துக்கு அவர்கள் மொழியில் ஸ்டோயா என்று பெயர். அதிலிருந்துதான் இந்த ஆங்கிலச் சொல் வந்தது."

இடப்பக்கத் தூணுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. தன்மேல் ஒட்டியிருந்த பல்லியிடம் ஆரம்பித்தது.

"கேட்டியா? எங்க வம்சத்துப் பேரு! நானும் வாயே திறக்கிறதில்ல. கூரை இந்தக் கனம் கனக்குது, சொன்னேனா? பசங்க பபிள்கம்மை ஒட்டுறானுங்க, சொன்னேனா? எலெக்‌ஷன் வந்தா மூஞ்சி முழுக்கப் போஸ்டர். அதையும் யார்கிட்டயும் சொல்லல!"

மழை விட்டது, வகுப்பு கலைந்தது. தூண் மட்டும் தான் சொல்லாததையெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தது.

பல்லி மெதுவாகக் கேட்டது: "அந்தப் பக்கத்துத் தூணும்தானே பாடத்தைக் கேட்டுச்சு? அது ஒண்ணுமே பேசலையே?"

"அதுக்கென்னப்பா, கூரையில பாதியைத்தான் தாங்குது. மீதிப் பாதி முழுசும் என் தலையிலதானே!"