ஃப்ரிட்ஜுக்கு வசனம் இல்லை

"ஃப்ரிட்ஜ் பேசக் கூடாது. ம்ம்ம்னு சத்தம் மட்டும் போடணும்" என்றார் எழுத்தாளர்.

எழுத்தாளருக்கு ஒன்பது வயது. கையில் ஒரு பென்சில், காதில் இன்னொன்று.

நூலகத்தின் பின்கூடத்தில் சனிக்கிழமைதோறும் இப்படித்தான். குழந்தைகள் நாடகம் எழுதுவார்கள், பெரியவர்கள் நடிப்பார்கள். ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது. புரியாவிட்டால் கேட்கலாம், எழுதியவர் பதில் சொல்லியாக வேண்டும். அவர்களை எழுத்தாளர் என்றுதான் கூப்பிட வேண்டும், மரியாதையோடு.

போன வாரம் ஆறு வயது எழுத்தாளர் ஒருவரின் கப்பல் பதினேழு தடவை மூழ்கியதாம். கப்பலாக நடித்த பல் டாக்டருக்கு இன்னும் இடுப்புப் பிடிப்பு விடவில்லை.

ஃப்ரிட்ஜாக நடிக்க வேண்டியவருக்கு அன்று காய்ச்சல். வாசலில் நின்றிருந்த என்னை உள்ளே இழுத்து வந்தார்கள். எழுத்தாளர் என்னைப் பார்த்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார். வேறு ஆள் இல்லையா என்று கேட்டார். இல்லை.

"சரி, நிக்கட்டும்."

நின்றேன். ம்ம்ம்.

காட்சி, சமையலறை. அப்பாவாகப் பல் டாக்டர். மகளாகத் தையற்கடைக்காரம்மா; ஐம்பத்தெட்டு வயது, மூட்டுவலி, இரட்டைச் சடை. அம்மா இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது, நாடகத்தில்.

பல் டாக்டர் வெறும் தட்டில் பரிமாறினார். "அம்மா கடைசியா உன் பேரைத்தான் சொன்னா. பாப்பா ஒழுங்கா சாப்பிடணும்னு சொன்னா. சொல்லிட்டுத்தான் கண்ண மூடினா."

"சரிப்பா" என்ற தையற்கடைக்காரம்மா, முந்தானையை எடுத்து அழத் தொடங்கினார்.

"அழக் கூடாது. அழறான்னு நான் எழுதவே இல்ல."

"அதெப்படி எழுத்தாளரம்மா? பெத்தவளோட கடைசி வார்த்தையக் கேட்டுட்டுக் கல்லு மாதிரியா உக்காந்திருப்பா?"

"அவ அத நம்பல."

ம்ம்ம்.

"ஆஸ்பத்திரில அம்மா வாயில குழாய் வச்சிருந்தாங்க. பேசவே முடியாது. கதவுல இருந்த கண்ணாடி வழியா அவ பாத்துட்டா. உள்ள விடலன்னா பாக்க முடியாதா என்ன?"

பல் டாக்டர் தட்டைக் கீழே வைத்தார்.

என் மோட்டார் நின்றுவிட்டது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய ஃப்ரிட்ஜ் அப்படித்தான், ஓடும், நிற்கும்.

"பொய்யின்னு தெரிஞ்சும் எதுக்குச் சரிப்பாங்கறா?" தையற்கடைக்காரம்மா விடுவதாக இல்லை.

எழுத்தாளர் பென்சிலின் பின்பக்கத்தைக் கடித்தார்.

"அப்பா அத ரெண்டு நாளா தனியா சொல்லிச் சொல்லிப் பாத்தாரு. இவளுக்குக் கேட்டுது. இல்லப்பான்னு சொன்னா அவரு என்ன பண்ணுவாரு, பாவம்."

காட்சியை மறுபடி எடுத்தார்கள். இம்முறை தையற்கடைக்காரம்மா அழவில்லை. சரிப்பா என்றார். வெறும் தட்டிலிருந்து எடுத்து எடுத்துச் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் போடச் சொல்லியும் கேட்டார். அது தாளில் இல்லாதது. அன்று மட்டும் எழுத்தாளர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

பல் டாக்டருக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. அப்பாவாக நடிப்பவருக்குத் தெரிந்தாக வேண்டுமாம்.

"அவளுக்குத் தெரியும்ங்கறது அந்த அப்பாவுக்குத் தெரியுமா, எழுத்தாளரே?"

எழுத்தாளர் தாளைப் புரட்டினார். முதல் பக்கம்வரை போய்த் திரும்பினார். அதில் எங்கும் இல்லை.

பிறகு நிமிர்ந்து ஃப்ரிட்ஜைப் பார்த்தார்.

"இப்பத் தெரிஞ்சிருக்கும்" என்றாள் என் மகள்.