இடது முட்டி

"முட்டி விண்ணு விண்ணுனு வலிக்குது," என்றான் தங்கவேல். ஜோதிலட்சுமி அவனுடைய இடது முட்டிக்குத் தைலம் தேய்த்தாள். இரண்டு வருடமாக இதுதான் வழக்கம். பிறகு லாரித் தண்ணீரை மூன்று மாடிக்குத் தானே தூக்கி வைத்துவிட்டு, அடையாறுக்குச் சமையல் வேலைக்குப் போனாள்.

அங்கே இன்று சமையல் வேண்டாம் என்றுவிட்டார்கள். கூட வேலை செய்யும் தாயம்மா அவளை வீட்டுக்குத் திரும்ப விடவில்லை. "வா, பீச்சுல டான்ஸ் போட்டுக்கினு கீறாங்கோ. காத்து வாங்கின மாதிரியும் ஆச்சு."

பெசன்ட் நகர் மணல் சாயங்காலமும் சுட்டது. புலி வேஷக்காரன் ஒருவன், வரிசையாக நின்ற மூன்று பேரைத் தாண்டிப் பல்டி அடித்தான். கூட்டம் விசிலடித்தது.

"இன்னாமா குதிக்கிறான் பாரேன்," என்றாள் தாயம்மா.

"இவன் பொண்டாட்டி குடுத்து வச்சவ. எங்க வூட்டுக்காரு ஒரு குடம் தூக்க முடியாம கீறாரு, பாவம்."

புலி உறுமிக்கொண்டே கூட்டத்தை ஒட்டி ஓடி வந்தது. ஜோதிலட்சுமியைப் பார்த்ததும் அப்படியே நின்றது. சட்டென்று திரும்பி, வலது காலை இழுத்து இழுத்து நொண்டிக்கொண்டு போனது.

"அய்ய, கால்ல அடி பட்டுச்சு போல," என்றாள் தாயம்மா.

தைலம் மணக்கும் கையை ஜோதிலட்சுமி முந்தானையில் அழுத்தித் துடைத்தாள்.

"அந்தக் கால் இல்ல தாயம்மா," என்றாள். "அவருக்கு வலி இடது கால்ல."