முதுகுப் பக்கம்

"முகம் எங்கம்மா?"

கிருபாசங்கர் சார் கேட்டதும் வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

செவ்வந்தியின் தாளில் தோள், கை, மடித்து உட்கார்ந்த கால் எல்லாம் இருந்தன. கழுத்துக்கு மேலே வெறும் வெள்ளை.

கோயம்புத்தூரில் அந்த ஓவியக் கல்லூரியில் அவள் இரண்டாம் வருடம். ஆளை நேரில் பார்த்து வரைய வேண்டிய வாரம் அது. புதுக் கட்டடத்துக்குக் கல் சுமக்க வந்திருந்த சென்னியப்பனைத்தான் சார் கூப்பிட்டு ஸ்டூலில் உட்கார வைத்திருந்தார்.

"பெரியவர் மூணு மணி நேரமா அசையாம உக்காந்திருக்காரு. நீ அவரு முகத்தை நிமிந்துகூடப் பாக்கல."

"வரலீங்க சார்."

"வரலையா, பிடிக்கலையா?"

அவள் பென்சிலைப் பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

"உடுங்க சார்," என்றார் சென்னியப்பன். "புள்ள நாளைக்கு வரைஞ்சுபோடுமுங்க."

செவ்வந்தி அவர் பக்கம் திரும்பாமலே பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

கூடப் படிக்கும் மோகனப்பிரியா பின்னாலேயே வந்தாள். "ஏன்டி, கல்லு சொமக்கற ஆளுன்னா அவ்வளவு எளக்காரமா? உனக்காகத்தானே பேசினாரு. ஒரு தேங்க்ஸ் சொன்னா கொறஞ்சா போயிருவே?"

"எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

மறுநாள் சென்னியப்பன் ஸ்டூலைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டார்.

"கழுத்துப் புடிச்சுக்கிச்சுங்க சார். இன்னைக்கு முதுகை வரையட்டுமுங்களா?"

"சரி, அதுவும் பழகணும்."

செவ்வந்தி அன்றைக்குத்தான் தலை நிமிர்ந்து வரைந்தாள். சுமந்து சுமந்து இறங்கிப்போன இடது தோள், கருத்த பிடரி, பனியனில் தைத்த இடம். ஒன்றையும் விடவில்லை.

சார் அந்தத் தாளை உயர்த்திப் பிடித்தார். "இப்படிப் பாக்கணும். இந்த முதுகுல ஒரு மனுசனோட பாடு முழுக்க இருக்கு."

எல்லோரும் கைதட்டினார்கள். சென்னியப்பன் திரும்பவில்லை.

சாயங்காலம் அவள் கல்லூரி வாசலில் பஸ் ஏறாமல் அடுத்த நிறுத்தம் வரை நடந்தாள். சென்னியப்பன் முன்பே வந்து நின்றிருந்தார். தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு பக்கத்தில் போனாள்.

"நல்லா வரைஞ்சிருக்கேன்னு சொன்னாங்களே கண்ணு," என்றார் அவர். "நாளைக்கும் செவுத்தப் பாத்தே உக்காந்துக்கறேன். உனக்கு இந்த அப்பனோட மூஞ்சின்னு யாரும் கண்டுபுடிக்க மாட்டாங்க."